மூட்டைக்கு 52 ரூபாய் 40 காசு: நெல் கொள்முதலைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு மடல்

சென்னையில் உட்கார்ந்து நெல் கொள்முதலைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

தையில் அறுவடையாகும் இந்தச் சம்பாவுக்கு எங்கள் ஊரில் கொள்முதல் நிலையம் திறக்கப்போவதில்லை என்பது எங்களுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. யாரும் வந்து சொல்லவில்லை. களத்தில் மூட்டை அடுக்கப் போட்டிருந்த சவுக்குக் கட்டைகளை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். "ரெண்டு சென்டரை ஒண்ணாக்கிட்டாங்கம்மா, இனிமே ஏழு கிலோமீட்டர் தள்ளித்தான்" என்றார் வண்டி ஓட்டி வந்த தம்பி. அவருக்குத் தெரிந்தது எங்கள் ஊராட்சித் தலைவருக்குத் தெரியவில்லை.

காரணம் கேட்டு இரண்டு அலுவலகம் ஏறி இறங்கினோம். குறுவையில் எங்கள் ஊர் நிலையத்துக்கு வரத்துக் குறைவாம். குறைந்த வரத்துக்கு ஒரு நிலையம் நடத்துவது கட்டுப்படியாகாதாம். சரி, கணக்கு அப்படித்தான் காட்டும். வரத்து ஏன் குறைந்தது என்பதை அந்தக் கணக்கு காட்டாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தில், தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். எனக்கு மூன்று ஏக்கர், எங்கள் கணக்கில் ஒன்பது மா. அதில் பாதி கோயில் நிலம், குத்தகை. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போய் ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து வயல், களம், வங்கி எல்லாம் நான்தான். மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய 40,000 ரூபாயில்தான் போன குறுவை தொடங்கியது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதை. ஒரு வீட்டுக்குத் திருப்பூர்ப் பணம், ஒரு வீட்டுக்குச் சிங்கப்பூர்ப் பணம். 2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது என்று நீங்கள் பெருமையாகச் சொன்னபோது எங்களுக்கும் பெருமைதான், அதில் எங்கள் பிள்ளைகளின் உழைப்பும் இருக்கிறதே. ஆனால் அந்த வளர்ச்சியில் வந்த சம்பளம் திரும்பி வந்து எங்கள் வயலில் உழவுக்கூலியாகிறது, உரமாகிறது, அறுவடை மிஷின் வாடகையாகிறது. அங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

2025 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தது. முந்தைய வருடம் ஜூலை 28 வரை காத்திருந்து குறுவையைக் கோட்டை விட்டவர்களுக்கு அது பெரிய நிம்மதி. டெல்டாவில் குறுவைப் பரப்பு 6 லட்சம் ஏக்கரைத் தாண்டியது என்று நீங்களே அறிவித்தீர்கள். அதாவது, எவ்வளவு நெல் எந்த மாதம் களத்துக்கு வரும் என்பது ஆடி மாதமே உங்களுக்குத் தெரியும். விதைத்தது ஜூனில் என்றால் அறுப்பது புரட்டாசிக் கடைசியில். அப்புறம் ஐப்பசி, ஐப்பசியில் மழை. இதில் எதுவும் திடீரென்று வந்ததில்லை.

நான் போட்டது ஏ.எஸ்.டி. 16, இட்லிக்குப் போகும் குண்டு நெல். அக்டோபர் முதல் வாரம் ஆத்தூர்ப் பக்கத்து பெல்ட் மிஷின் வந்து அறுத்தது. 9ஆம் தேதி நெல்லைக் களத்தில் கொட்டினேன். உங்கள் 40 கிலோ கணக்கில் 155 மூட்டை தேறும். எனக்கு முன்னால் ஏற்கெனவே முப்பது குவியல் இருந்தது. நிலையத்துக்குள் எடை போட்டுத் தைத்த மூட்டைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அவற்றைக் கொண்டுபோக லாரி வந்தால்தான் புதிதாக வாங்க முடியும் என்றார்கள். லாரி வரவில்லை. ஏன் என்றால் கிடங்கில் இடமில்லை, அரவை ஆலைக்குப் போன நெல் அரிசியாகித் திரும்பவில்லை, சரக்கு ரயில் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீடாமங்கலத்தில் நெல் ஏற்றும் சரக்கு ரயிலுக்காக மூடிய கேட்டில் ஆம்புலன்ஸ் உட்பட எல்லோரும் காத்துக்கிடந்த அனுபவம் எங்கள் திருவாரூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் உண்டு.

16ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. 20ஆம் தேதி தீபாவளி. அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி நானும் பக்கத்துக் குவியல்காரரின் மனைவியும் களத்தில் தார்ப்பாயின் நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று ஒரு பக்கம் தூக்கினால் அந்தப் பக்கம் ஓட வேண்டும். மேலே மூடிவிடலாம், கீழே ஓடி வரும் தண்ணீரை என்ன செய்வது? எங்கள் களம் மண் களம். விடிந்து தார்ப்பாயைத் தூக்கினால் அடிநெல் சூடாக இருந்தது. கையை விட்டால் ஆவி பறந்தது. இரண்டு நாளில் வெள்ளை முளை விட்டது.

மழை விட்ட நாட்களில் தார்ச்சாலையில் காயவைத்தோம். ஆபத்து என்று எங்களுக்கும் தெரியும். ஒரு பையன் வண்டியோடு சறுக்கி விழுந்தான், நல்லவேளை முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அவன் திட்டிய திட்டில் நியாயம் இருந்தது. காயவைக்க வேறு இடம் இருந்தால் யார் சாலைக்கு வருவார்கள்?

காயவைத்துக் கொண்டுபோனால் மாய்ஸ்சர், அதாவது ஈரப்பதம், 19 சதவீதம். எங்களிடம் 17 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இதில் ஒரு சடங்கு உண்டு. ஐப்பசி மழையில் நெல் நனையும். அந்த வரம்பைத் தளர்த்தக் கேட்டு நீங்கள் டெல்லிக்குக் கடிதம் எழுதுவீர்கள். மத்தியக் குழு வரும், குவியலில் கைவிட்டு நெல் அள்ளும், பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளும், போகும். பதில் எப்போது வந்தாலும் அதற்குள் நெல் ஒன்று காய்ந்திருக்கும், இல்லை முளைத்திருக்கும். தலைமுறையாக ஐப்பசியில் மழை பெய்யும் ஊருக்கு ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாக ஆய்வுக்குழு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கடிதத்தை ஆவணியிலேயே எழுதினால் என்ன?

28ஆம் தேதி எனக்கு எடை போட்டார்கள். பத்தொன்பது நாள். இதற்கு நடுவில் ஒரு வியாபாரியின் நெல் வந்த இரண்டாம் நாளே ஏறிப்போனதையும் பார்த்தேன், அதைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 155இல் 14 மூட்டை முளைத்தும் கறுத்தும் போனது. அதை வாத்து மேய்க்கிறவர்கள் தீவனத்துக்கு மூட்டை 300 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள். மூட்டைக்கு 1,000 ரூபாய் வரவேண்டிய நெல், ஆக 9,800 ரூபாய் நஷ்டம். மூன்று தார்ப்பாய்க்கு நாள் வாடகை 60 வீதம் 3,420. காயவைக்க, கிளற, மறுபடி அள்ள நான்கு பெண்களுக்கு ஐந்து நாள் கூலி 7,000. சாலைக்கும் களத்துக்கும் டிராக்டர் நடை 1,500. எடை போடும்போது மூட்டைக்கு 45 ரூபாய் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது கிடையாது. 141 மூட்டைக்கு 6,345. தராசில் மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக வைக்க வேண்டும், அதற்கும் ரசீது கிடையாது. கிலோ 25 ரூபாய் என்றால் 3,525. எல்லாம் சேர்த்து 31,590 ரூபாய்.

2025-26இல் மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ஆக இருந்தது. அதற்கு மேல் நீங்கள் பொது ரகத்துக்கு 131 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து 2,500 ஆக்கினீர்கள். 2021 தேர்தலில் சொன்ன 2,500, நான்கு வருடம் கழித்து 2025 செப்டம்பரில் வந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்தது, அதை மறுக்கவில்லை. பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருவதும் நல்ல ஏற்பாடு. எனக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. ஆனால் அந்த 131 ரூபாயை 40 கிலோ மூட்டைக்குப் பிரித்துப் பாருங்கள். 52 ரூபாய் 40 காசு. அதே மூட்டைக்குக் களத்தில் என்னிடம் வாங்கியது 45 ரூபாயும் 25 ரூபாய் நெல்லும், ஆக 70 ரூபாய். கோட்டையில் கையெழுத்தாகிப் புறப்பட்ட ஊக்கத்தொகை, என் ஊர்க் களத்துக்கு வந்து 17 ரூபாய் 60 காசு கடனாகிவிட்டது. மொத்தமாகப் பார்த்தால் எனக்கு நீங்கள் கொடுத்த ஊக்கத்தொகை 7,388 ரூபாய். காத்திருந்ததிலும் கொடுத்ததிலும் நான் இழந்தது அதைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

மகன் அனுப்பிய 40,000 எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா?

இந்த 45 ரூபாயைப் பற்றி எழுதினால், உடனே ஒரு பட்டியல் எழுத்தரைப் பணிநீக்கம் செய்து பத்திரிகையில் செய்தி கொடுப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் நிலையத்தில் இருந்தவர் பட்டம் படித்த பையன், பருவகால ஊழியர். சீசன் முடிந்தால் வேலை முடிந்தது. ஏன்பா தம்பி கூடுதல் எடை கேட்கிறாய் என்று நேராகவே கேட்டேன். "அக்கா, 17ல வாங்குன நெல்லு லாரி வரதுக்குள்ள காஞ்சு 14 ஆயிடுது. குறையுற எடையை என்கிட்டதான் புடிக்கிறாங்க. நான் எங்க போவேன்?" என்றான். லாரி இரண்டு நாளில் வந்தால் எடை குறையாது. லாரி இருபது நாள் கழித்து வந்தால் குறையும். லாரி வராதது அவன் தப்பில்லை, என் தப்பும் இல்லை. ஆனால் அவன் என்னிடம் எடுக்கிறான், அவனிடம் மேலே எடுக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அவர்கள் பங்கைக் கேட்கிறார்கள், லாரிக்காரருக்கும் ஏதோ கொடுத்தால்தான் வண்டி நம் ஊர்ப் பக்கம் திரும்புகிறது. அந்தப் பையன் சொன்னது முழு உண்மை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் களத்தில் நேர்மையாக இருக்க நினைக்கிற ஒருவன் சொந்தக் காசைக் கட்ட வேண்டியிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது வரத்துக்கு வருகிறேன். நான் பத்தொன்பது நாள் பிடிவாதமாக உட்கார்ந்தேன், மகன் சம்பளம் இருந்ததால் முடிந்தது. கடன் வாங்கி நட்டவர்களால் முடியவில்லை. நகைக்கு வட்டி ஏறுகிறது, சம்பா நடவுக்கு ஆள் கூலி கொடுக்க வேண்டும், களத்திலோ நெல் முளைக்கிறது. வியாபாரி வந்து 60 கிலோ மூட்டைக்கு 1,050 ரூபாய் என்றார். அதாவது குவிண்டால் 1,750. வாசலிலேயே எடை, கையிலேயே காசு, மாய்ஸ்சர் கேட்கவில்லை, சிட்டா கேட்கவில்லை. எங்கள் ஊரில் பாதிக்குப் பாதி நெல் அப்படித்தான் போயிற்று. அந்த நெல் உங்கள் கணக்கில் ஏறவில்லை. ஏறாததைப் பார்த்து, இந்த ஊரில் நெல் இல்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். பந்தியில் சோறு போடாமல் இலையை எடுத்துவிட்டு, இவர்களுக்குப் பசியில்லை என்று எழுதிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

குத்தகைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு நாங்கள்தான் சாகுபடி செய்கிறோம் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். என் கோயில் நிலத்துக் குத்தகை இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. குத்தகை உரிமைப் பதிவுக்கென்று 1969இலேயே ஒரு சட்டம் வந்தது, பெயர் மாற்றத்துக்கு நாங்கள் எழுதிக்கொடுத்து எட்டு வருடம் ஆகிறது. வாய்வார்த்தையாகக் குத்தகை எடுத்தவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்களுடைய நெல் நிலத்துக்காரர் பெயரில் போகும், பணம் நிலத்துக்காரர் கணக்குக்கு வரும். அதிலிருந்து அவர் கொடுப்பதுதான். கடைசியாக எடுத்த 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் உழைக்கிற நூறு பேரில் 42 பேர் விவசாயிகள், விவசாயக் கூலிகள். அதில் விவசாயியைவிடக் கூலி இரண்டு மடங்குக்கும் மேல். மாநில வருமானத்தில் விவசாயத்தின் பங்கு சின்னது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பங்கு சின்னதாக இருப்பதற்கும், அந்தப் பங்கில் ஒரு பகுதி களத்திலேயே முளைத்துப் போவதற்கும் சம்பந்தமே இல்லையா?

2021 ஆகஸ்டிலிருந்து வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறீர்கள். முதல் வருடம் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். காவிரி டெல்டா 2020இலிருந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். புது எண்ணெய்க் கிணறு வராமல் தடுத்தது நல்லது, அதற்காகத் தெருவில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. விளைகிற நிலத்தைச் சட்டம் போட்டுக் காப்பாற்றினீர்கள், விளைந்த நெல்லுக்கு ஒரு சிமெண்ட் களமும் கூரையும் இன்னும் இல்லை.

ஏழு கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் ஒரு விரல்கடை. எங்களுக்கு அது டிராக்டர் டிப்பருக்கு நடை 1,200 ரூபாய். அதைக்கூட விடுங்கள். சொந்த ஊர்க் களம் என்றால் வானம் இருட்டினால் ஓடிப்போய் மூடலாம், வீட்டில் சமைத்துக்கொண்டே போய்ப் பார்த்து வரலாம். வேற்றூர்க் களத்தில் ராத்திரி பத்து நாள், பதினைந்து நாள் காவல் கிடக்க என்னைப்போல் ஒரு பெண்ணால் முடியுமா? முடியாது. காவலுக்கு ஆள் போட்டால் அதற்கும் கூலி. எங்கள் தெருவில் ஏழு வீட்டில் பெண்கள்தான் வெள்ளாமை பார்க்கிறோம். ஏழு பேரும் இந்தத் தையில் வாசலில் வரும் வியாபாரிக்குத்தான் போடுவோம். அடுத்த வருடம் அந்த இரண்டாவது நிலையத்துக்கும் வரத்துக் குறைந்திருக்கும்.

அதனால் நான் விலையைக் கூட்டுங்கள் என்று கேட்கவில்லை. சத்தீஸ்கரில் 3,100 கொடுக்கிறார்கள், இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு வேண்டியது நாள். கொட்டிய நெல்லை ஐந்து நாளுக்குள் எடை போடுங்கள். ஐந்து நாள் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று காத்திருப்புப் படி எங்கள் கணக்கில் போடுங்கள். நாங்கள் நெல் கொட்டிய தேதியைக் களத்திலேயே கணினியில் ஏற்றி டோக்கன் கொடுங்கள். காத்திருப்புக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டி வந்தால் லாரியும் கிடங்கும் தானாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நிலையத்தில் நெல் தேங்கிக் காய்ந்து குறைகிற எடையைப் பருவகால ஊழியரின் தலையில் கட்டுவதை நிறுத்துங்கள். வாங்கிய அன்று என்ன ஈரம், லாரி ஏறிய அன்று என்ன ஈரம் என்று எழுதினால் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு மேல் குறைந்தால் கேளுங்கள். அவன் பொறுப்பில் இல்லாத குறைவை அவன் தலையிலிருந்து இறக்கிவிட்டு, அப்புறமும் அவன் என் தராசில் ஒரு கிலோ கூடுதலாக வைத்தால் தண்டியுங்கள், நானே சாட்சி சொல்கிறேன்.

அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் டெல்டாவுக்கு ஈரப்பத வரம்பை உயர்த்தி நிரந்தர உத்தரவு வாங்குங்கள், அதற்கான கடிதத்தை ஆகஸ்டிலேயே டெல்லிக்கு அனுப்புங்கள். அனுப்பிய கடிதத்தையும் வந்த பதிலையும் எங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடுங்கள். யார் மறுத்தார்கள் என்று எங்களுக்கும் தெரிய வேண்டும். ஊராட்சி ஒன்றியத்துக்கு இரண்டு உலர்த்தும் இயந்திரமாவது குறுவை அறுவடைக்கு முன்னால் வரட்டும். குத்தகைதாரருக்கு, பக்கத்து வயல்காரர் இரண்டு பேரின் கையெழுத்தையும் நேரில் வந்து பார்த்த வேளாண் உதவி அலுவலரின் குறிப்பையும் வைத்து அவர் பெயரிலேயே நெல்லை வாங்குங்கள்.

எங்கள் ஊர் நிலையத்தை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். குறைந்தது இந்த ஒரு சம்பாவுக்காவது திறந்து, லாரியை ஒழுங்காக அனுப்பி, அப்புறம் வரத்து எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நான் நட்ட பொன்மணி என்ற சம்பா நெல் தை 18ஆம் தேதி வாக்கில் அறுப்புக்கு வரும். திறக்கிறீர்களா இல்லையா என்பதை அதற்குப் பத்து நாள் முன்னால் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மினி லாரித் தம்பியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா பயிரிடும் ஒரு விவசாயி